கண்காட்சித் தட்டுக்குப் பழம் பறிக்கும் முன்: மாங்கனி கேள்வி-பதில்

மா அறுவடை உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையை ஒட்டி ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு முன்பிருந்தே கிருஷ்ணகிரி இதைக் கொண்டாடி வருகிறது. மாந்தோப்பு, மண்டி, மாங்கூழ் ஆலை, நர்சரி என்று அந்த வட்டாரமே மாவை நம்பி இருப்பதால் இது வேடிக்கை பார்க்க மட்டும் நடக்கிற விழா அல்ல. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் தட்டில் பழம் வைப்பது பற்றியவையே அதிகம். அவற்றிலிருந்து தொடங்குகிறோம்.

கேள்வி: இந்த முறை நாங்களும் போட்டிக்குப் பழம் வைக்கப் போகிறோம். பங்கனப்பள்ளி, செந்தூரா, மல்லிகா மூன்றும் தோப்பில் இருக்கின்றன. கண்காட்சி நாளுக்கு எத்தனை நாள் முன் பறிக்க வேண்டும்? (போச்சம்பள்ளி வாசகர்)

பதில்: நடுவர் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நன்றாக முற்றிய பங்கனப்பள்ளியும் செந்தூராவும் சாதாரண அறை வெப்பத்தில் பறித்த ஆறு முதல் எட்டு நாளில் பழுக்கும். மல்லிகா மெதுவாகத்தான் பழுக்கும், இரண்டு வாரம் வரை கூட இழுக்கும். மூன்றையும் ஒரே நாளில் பறித்தால் செந்தூரா தளர்ந்துபோன நேரத்தில் மல்லிகா கல்லாக இருக்கும். இந்த நாள் கணக்கு தோப்புக்குத் தோப்பு மாறும் என்பதால், மூன்று வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு ரகத்திலும் நான்கைந்து காயைப் பறித்துப் பழுக்க வைத்துப் பாருங்கள். உங்கள் மரம் எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பது கையில் தெரிந்துவிடும்.

நாளைவிட முக்கியமானது முற்றல். காம்படியில் இரண்டு பக்கமும் தோள் எழும்பி, காம்பு ஒரு சிறு குழிக்குள் இருப்பதுபோலத் தெரிய வேண்டும். தோலின் கரும்பச்சை வெளிறி, மேலே வெண்சாம்பல் பூத்தாற்போல மெழுகுப் பூச்சு இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு காயைக் குறுக்கே அறுங்கள். கொட்டையின் ஓடு கத்திக்கு இடம் கொடுக்காமல் கெட்டியாகவும், அதை ஒட்டிய சதை வெள்ளை மாறி இளமஞ்சளாகவும் இருந்தால் பறிக்கலாம். அறுக்க மனமில்லாதவர்கள் வாளித் தண்ணீரில் போடலாம். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். உள்ளே சதை கெட்ட காயும் மிதக்கும் என்பதால் மிதப்பது எதுவானாலும் தட்டுக்கு வேண்டாம்.

இளங்காயைப் பறித்தவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது மஞ்சளாகும், மணமும் கொஞ்சம் வரும். ஆனால் மூன்றாம் நாளே காம்படியைச் சுற்றித் தோல் சுருங்க ஆரம்பிக்கும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்த நடுவர் பழத்தைத் தொட்டுப் பார்க்கவே மாட்டார். தட்டுக்கு எத்தனை பழம் என்று அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்து, அதைப்போல் மூன்று மடங்கு பறியுங்கள். கழித்தது போக நிற்பவற்றில்தான் ஒரே மாதிரிப் பழங்கள் கிடைக்கும்.

கேள்வி: பறிக்கும்போது பழத்தில் பால் வடிந்து கறுப்புக் கோடு விழுகிறது. கழுவினாலும் போகவில்லை. (பர்கூர் வாசகர்)

பதில்: போகாது, ஏனென்றால் அது அழுக்கு அல்ல, தோல் வெந்த தழும்பு. காம்பு ஒடிந்த முதல் சில விநாடிகளில் பீய்ச்சும் பாலில் எண்ணெய்ச் சத்து அதிகம். அது தோலின் நுண்துளைகளில் இறங்கிச் செல்களைக் கொன்றுவிடும். பறித்த அன்று பளபளப்பாகத்தான் தெரியும், இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி, பழுக்கும்போது கறுப்புக் கோடாக நிற்கும். கண்காட்சியில் கழிக்கப்படும் பழங்களில் நிறைய இந்தக் கோட்டால்தான் கழிகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

காயைத் திருகி இழுக்காதீர்கள், மரத்தை உலுக்கவே கூடாது. வாயில் கத்தியும் கீழே வலைப்பையும் கட்டிய தொரட்டியால், இரண்டு மூன்று அங்குலக் காம்போடு வெட்டி இறக்குங்கள். காம்பு நீளமாக இருக்கும்வரை பால் பீய்ச்சாது. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, காம்படி தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்து, அரை அங்குலம் விட்டுக் காம்பை நறுக்குங்கள். பழத்தில் படாமல் பால் நேராகக் கீழே சொட்ட வேண்டும். அப்படியே ஒரு கம்பிவலை மேலோ, மூங்கில் தட்டி இடுக்கிலோ தலைகீழாக அரைமணி நேரம் நிறுத்தி வையுங்கள். மண்ணில் கவிழ்த்து வைத்தால் காம்பு வெட்டில் பூஞ்சணம் ஏறும்.

விடிகாலையில் மரத்தில் நீரோட்டம் அதிகமாக இருப்பதால் பால் பீறிட்டு வரும். பனி உலர்ந்து வெயில் ஏறிய பிறகு பறித்தால் பால் குறையும், ஆனால் பறித்ததை வெயிலில் விடக்கூடாது. தவறிப் பால் பட்டுவிட்டால் துணியால் துடைக்கப் போகாதீர்கள், பால் இன்னும் பரவும். உடனே நிறையத் தண்ணீரில் முக்கி அலசுங்கள். பத்து நிமிடம் கழித்து அலசிப் பயனில்லை.

கேள்வி: பெரிய பழத்துக்குத்தான் பரிசு என்கிறார்கள். பெரிய காயாகப் பொறுக்கிப் பறிக்கலாமா?

பதில்: வேண்டாம். தோட்டக்கலைப் போட்டிகளில் நடுவர்கள் பொதுவாகப் பார்ப்பது நான்கு: ரகத்துக்கு உரிய வடிவமும் நிறமும், தட்டில் உள்ள பழங்கள் ஒன்றுபோல இருப்பது, தழும்பும் பூச்சி அடையாளமும் இல்லாமை, பழுத்த பதம். ஒரு பழம் 700 கிராமும் மற்றவை 400 கிராமும் இருந்தால் அந்தப் பெரிய பழமே தட்டைக் கெடுக்கிறது. தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒன்றுக்கொன்று 20, 30 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் சேருங்கள். கூடியவரை ஒரே மரத்தில் ஒரே பக்கத்துக் காய்களாக எடுங்கள். கிழக்குப் பக்கத்துச் செந்தூராவும் நிழல் பக்கத்துச் செந்தூராவும் ஒரே தட்டில் இருந்தால் இரண்டு ரகம் கலந்ததுபோல் தெரியும். மேலே இருக்கும் வெண்பூச்சைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குவதும், எண்ணெய் தடவுவதும் புள்ளிகளைக் குறைக்கத்தான் உதவும். அந்தப் பூச்சு கலையாமல் இருந்தால் கையாண்ட விதம் நல்லது என்று அர்த்தம்.

கேள்வி: கார்பைடு கல் வைக்காமல் ஐந்து நாளில் சீராகப் பழுக்க வைக்க முடியுமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: முடியும், முற்றிய காயாக இருந்தால். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. கல் ஈரக்காற்றோடு சேர்ந்து விடும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சும் நுண்ணளவில் வரும். அது ஒருபுறம் இருக்க, பழத்துக்கும் அது நல்லதல்ல. தோல் இரண்டே நாளில் மஞ்சளாகும், கொட்டையை ஒட்டிய சதை வெளிறிப் புளிப்பாகவே கிடக்கும். பிளந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

அனுமதி உள்ளது எத்திலீன் வாயு, அதுவும் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை. முறையான பழுக்க வைக்கும் அறையில் 20 முதல் 22 டிகிரி வெப்பம், 90 முதல் 95 சதவீத ஈரப்பதம், இந்த அளவு எத்திலீன், 24 மணி நேரம் என்று வைப்பார்கள். பிறகு கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். பழங்கள் மூச்சு விட்டு அறையில் கரியமில வாயு சேர்ந்துவிட்டால் எத்திலீன் எவ்வளவு இருந்தாலும் பழுப்பது நின்றுவிடும். அறையை மூடியே வைத்துவிட்டு, மருந்து சரியில்லை என்று குறை சொல்பவர்கள் நிறைய. எத்திலீன் வெளியிடும் சிறு பொட்டலங்கள் வாங்கினால் அவை பழத்தைத் தொடாதபடி தனி டப்பாவில் வையுங்கள். எத்திலீனை வெளிவிடும் மருந்தான எத்திபான் கரைசலில் பழத்தை முக்குவதும், மேலே தெளிப்பதும் விதிப்படி கூடாது.

ஒரு தட்டுக்கான பழத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. காற்றோட்டமான அறையில் மூன்று அங்குலம் காய்ந்த வைக்கோல் பரப்பி, காய்களை ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக, காம்பு கீழே இருக்க வைத்து, மேலே லேசாக வைக்கோல் போட்டு மூடுங்கள். தினமும் பார்த்து மென்மையானதைத் தனியே எடுங்கள். தகரக் கூரை அறை வேண்டாம். 35 டிகிரிக்கு மேல் போனால் சதை கனிந்துவிடும், தோல் பச்சையாகவே தங்கிவிடும். சீக்கிரம் பழுத்துவிட்டது, இரண்டு நாள் நிறுத்த வேண்டும் என்றால் 13 டிகிரிக்குக் குறையாத குளிர்அறைதான் வழி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பழுக்காத காயை வைத்தால் தோல் சாம்பல் பூத்துச் சுருங்கி, வெளியே எடுத்தபின் பழுக்காமலே வீணாகும்.

இன்னொன்று: இமாம்பசந்த், மல்கோவா இரண்டும் பழுத்த பிறகும் தோலில் பச்சை தங்கும். அவை மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தால் உள்ளே கூழாகிவிடும். மணத்தையும், காம்படியில் விரல் வைத்தால் இலேசாக அமுங்குவதையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வைக்கும்போது மாசில்லாமல் இருந்த பழத்தில் இரண்டு நாளில் கரும்புள்ளிகள் வந்துவிடுகின்றன. அரங்கில் தொற்றுகிறதா?

பதில்: பெரும்பாலும் தோப்பிலேயே தொற்றியது. ஆந்த்ராக்னோஸ் பூஞ்சணம் பூவிலும் பிஞ்சிலும் ஒட்டி, காய் பச்சையாக இருக்கும்வரை உறங்கிக் கிடக்கும். பழம் கனியத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். தோலில் சிதறிய கரும்புள்ளிகள், மேலிருந்து கீழாகக் கண்ணீர் வழிந்ததுபோல் வரிசைப் புள்ளிகள் என்றால் இதுதான். காம்படியில் மட்டும் ஈரப் பழுப்பாகத் தொடங்கி வளையமாக இறங்கினால் அது காம்பழுகல், வேறொரு பூஞ்சணம். காம்பை ஒட்ட ஒடித்த பழத்தில் இது அதிகம் வரும், அரை அங்குலக் காம்பு விடச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பறித்த அன்றே, பச்சைக் காயாக இருக்கும்போது 52 டிகிரி வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் முக்கி எடுத்தால் ஆந்த்ராக்னோஸ் நன்றாகக் குறையும். இங்கே கைச்சூட்டுக் கணக்கு உதவாது, வெப்பமானி கட்டாயம். 50-க்குக் கீழே போனால் வேலை செய்யாது, 55-ஐத் தாண்டினால் தோல் வெந்துபோகும். பெரிய அண்டாவில் கொஞ்சம் காயாகப் போடுங்கள், நிறையக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கிவிடும். எடுத்ததும் நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இளங்காய்க்கு இதைச் செய்யாதீர்கள், சூடு தாங்காது.

அரங்கில் செய்யும் தவறு ஒன்று உண்டு. பழம் புதிதாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பார்கள். உறங்கும் பூஞ்சணத்துக்கு அதைவிட உதவி வேறில்லை. சூடு கக்கும் விளக்குக்கு நேர் கீழே தட்டை வைப்பதும் அப்படித்தான். கண்காட்சி பல நாள் நடக்கும் என்பதால் பழத்தை மாற்றி வைக்க அனுமதி உண்டா என்று முதல் நாளே பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டாம் பறிப்புக்குக் காய் மீதி வையுங்கள்.

கேள்வி: வெளியே ஒரு புள்ளி இல்லை, வெட்டினால் உள்ளே கெட்டிருக்கிறது. முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: உள்ளே என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று விதமாக இருக்கலாம்.

சதையில் வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. உற்றுப் பார்த்தால் தோலில் ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளியும், அதைச் சுற்றி மென்மையும் இருக்கும். பறிப்புக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே மெத்தில் யூஜினால் கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்குப் பத்து என்ற கணக்கில் தொங்கவிட வேண்டும். அதில் விழுவது ஆண் ஈ மட்டுமே. உங்கள் தோப்பில் மட்டும் கட்டினால் பக்கத்துத் தோப்பில் இணை சேர்ந்த பெண் ஈ இங்கே வந்து முட்டையிடும். ஊரோடு சேர்ந்து கட்டினால்தான் பலன். உதிர்ந்த பழங்களை வாரம் இருமுறை பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். புழு பழத்திலிருந்து இறங்கி மண்ணில்தான் கூட்டுப்புழு ஆகிறது.

கொட்டைக்குள் கறுத்த வண்டு இருந்தால் அது மாங்கொட்டைக் கூன்வண்டு. பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடும், புழு நுழைந்த வழி காய் வளர வளர மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சதை பெரும்பாலும் கெடாது, ஆனால் ஏற்றுமதியில் பல நாடுகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான் பெருகும். பட்டை இடுக்குகளில் அடுத்த பூ வரை ஒளிந்திருக்கும். தோப்பில் கொட்டைகள் சிதறிக் கிடக்கவிடாமல் பொறுக்கி அழித்தாலே பாதி வேலை முடிந்தது.

புழுவும் இல்லை, வண்டும் இல்லை, சதை மட்டும் வெளிறிக் கடற்பஞ்சுபோலப் புளித்துக் கிடந்தால், உங்கள் மரம் அல்போன்சாவாகத்தான் இருக்க வேண்டும். இதற்கும் வெளி அடையாளம் கிடையாது. மரத்திலேயே அதிகம் முற்றிய காயிலும், வெயில் தரையின் சூடு நேரே தாக்கும் தாழ்ந்த கிளைக் காயிலும் கூடுதல். மரத்தடியில் சருகு மூடாக்குப் போட்டு, தோள் எழும்பிய உடனே பறித்துவிடுங்கள்.

கேள்வி: கண்காட்சியில் எல்லாரும் அல்போன்சா, இமாம்பசந்த் தட்டுகள் முன்னால்தான் கூடுகிறார்கள். தோத்தாபுரியை யாரும் சீண்டுவதில்லை. நாங்கள் பயிரிடுவது அதுதான். அதைத் தட்டில் வைப்பதில் பொருள் உண்டா?

பதில்: கட்டாயம் வையுங்கள். தோத்தாபுரி என்றும் பெங்களூரா என்றும் நாம் சொல்லும், நுனி கிளிமூக்காக வளைந்த இந்தப் பழம் இல்லையென்றால் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையே இல்லை. ஆண்டு தவறாமல் காய்க்கும், சதைப்பற்று அதிகம், தோல் தடித்து லாரிப் பயணம் தாங்கும். அல்போன்சாவின் மணம் இதற்குக் கிடையாது. அதனால்தான் பல பானங்களில் தோத்தாபுரிக் கூழோடு கொஞ்சம் அல்போன்சாக் கூழ் கலக்கிறார்கள்.

ஆலையில் காயைப் பழுக்க வைத்து, கழுவி, அழுகலைப் பொறுக்கி, காம்பு நுனியை வெட்டி எறிந்து, கொட்டை நீக்கி, சல்லடையில் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, கிருமி புகாத பையிட்ட இரும்பு டிரம்களில் அடைக்கிறார்கள். ஒரு டிரம் 215 கிலோ. அதை நிரப்ப ஏறத்தாழ 400 கிலோ பழம் போகிறது, மீதி தோலும் கொட்டையும். தோத்தாபுரிக் கூழில் இனிப்பு அளவு பிரிக்ஸ் கணக்கில் குறைந்தது 14 இருக்க வேண்டும் என்பது வணிக வழக்கம். இளங்காயாகக் கொண்டுபோய்க் கொட்டினால் அந்த 14 வராது, விலையைக் குறைக்க அதுவே ஆலைக்குக் காரணமாகிவிடும். கண்காட்சிக்குச் சொன்ன முற்றல் கணக்கு ஆலை லோடுக்கும் அப்படியே பொருந்தும்.

விழா நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தோத்தாபுரித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரிக்ஸ் மானியையும், ஆலைக் கூழ் ஒரு கிண்ணத்தையும் வைத்து, சொட்டு விட்டுப் படித்துக் காட்டுங்கள். இந்த ஊரின் பிழைப்பு எதில் ஓடுகிறது என்று வெளியூர்க்காரருக்கு அப்போதுதான் புரியும்.

கேள்வி: தோத்தாபுரி விலை சில ஆண்டுகளில் பறிகூலிக்கும் கட்டவில்லை. தோப்பை அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. மேசையில் வைத்துத் தின்னும் பழமாக இதற்குச் சந்தை குறைவு, வாங்குவது ஆலை ஒன்றே. முந்தைய ஆண்டுக் கூழ் கிடங்கில் தேங்கினால் ஆலை கொள்முதலைச் சுருக்கும். காயோ சில வாரங்களில் மொத்தமாக வந்து குவியும். 2025-ல் இது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. அந்த ஜூனில் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலத் தோத்தாபுரி நுழைய தடை போட்டார்கள். ஆந்திர அரசு தன் விவசாயிகளுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தது. கர்நாடகத்துக்கு மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் நிர்ணயித்தது.

ஆனாலும் வேரோடு பிடுங்க வேண்டாம். அத்தனை ஆண்டு வேர் கீழே இருக்கிறது, அதன்மேல் ரகத்தை மாற்றலாம். மரத்தின் தடித்த கிளைகளை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணத் தடுப்புப் பசை) பூசுங்கள். வெடித்து வரும் துளிர்களில் வலுவான நான்கைந்தை மட்டும் பரவலாக விட்டு, மற்றதைக் கிள்ளுங்கள். அவை பென்சில் பருமன் ஆனதும் மல்லிகா, இமாம்பசந்த் போன்ற, நேரடி விற்பனைக்கு ஏற்ற ரகத்தின் குச்சியை ஒட்டுக்கட்டலாம். மூன்றாம் ஆண்டு வாக்கில் காய் பார்க்கலாம். வெட்டிய மரத்தைத் தண்டு துளைப்பான் தேடி வரும், அடிமரத்தில் மரத்தூள் கொட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள். மூன்று ஆண்டு வருமானம் இல்லாமல் இருக்க யாராலும் முடியாது.

கேள்வி: மாம்பழத்தைத் தின்னும் முன் தண்ணீரில் ஊறப் போடுவது எதற்கு?

பதில்: தோலிலும் காம்படியிலும் காய்ந்திருக்கும் பால் கரைந்து போக. சிலருக்கு அந்தப் பால் உதட்டோரம் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். அரைமணி நேரம் ஊறி, காம்படியை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு கண்காட்சியில் கடை போடுகிறது. மாம்பழ ஸ்குவாஷ் செய்து விற்க அளவு சொல்லுங்கள். போன முறை பாட்டில்கள் பொங்கிவிட்டன.

பதில்: பொங்கியது ஈஸ்ட் நொதித்ததால். சர்க்கரை, புளிப்பு, பதப்பொருள் மூன்றில் ஒன்று குறைந்திருக்கும், அல்லது சூடான பாகில் பதப்பொருளைப் போட்டிருப்பீர்கள்.

வடிகட்டிய கூழ் ஒரு கிலோ, சர்க்கரை 1 கிலோ 200 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், சிட்ரிக் அமிலம் 30 கிராம், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 2 கிராம். சர்க்கரையையும் தண்ணீரையும் காய்ச்சிக் கொதி வந்ததும் சிட்ரிக் அமிலம் சேர்த்து, வடிகட்டி ஆறவிடுங்கள். முழுவதும் ஆறிய பிறகே கூழைக் கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் மாம்பழ மணம் போய்ச் சமைத்த வாடை வந்துவிடும். மெட்டாபைசல்பைட்டை இரண்டு ஸ்பூன் ஆறிய ஸ்குவாஷில் கரைத்துக் கடைசியில் ஊற்றுங்கள். சூடான பாகில் போட்டால் கந்தக வாயு ஆவியாகி, பாட்டிலைக் காக்க எதுவும் மிஞ்சாது. 2 கிராமை கிராம் தராசில் நிறுங்கள், கூடினால் சட்ட அளவை மீறும், தொண்டையையும் கரகரக்க வைக்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது, ஆகவே லேபிளில் பெயரோடு அச்சிடுங்கள்.

பாட்டிலைக் கொதிநீரில் 20 நிமிடம் வைத்து, உலர்ந்த பிறகே நிரப்புங்கள். கழுத்தில் ஓர் அங்குலம் இடம் விடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாமல் கடை போடாதீர்கள்.

கேள்வி: கண்காட்சியில் நர்சரிக்காரர்களிடம் ஒட்டுச்செடி வாங்கலாமா? எப்படிப் பார்த்து வாங்குவது? (ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வாங்கலாம். மழை தொடங்கும் காலம் என்பதால் நடவுக்கும் தோதாக இருக்கும். பையிலேயே காய்த்துத் தொங்கும் செடியைக் காட்டி ஆசை காட்டினால் வாங்க வேண்டாம். அந்தக் காய் செடியின் பலத்தை உறிஞ்சியிருக்கும். ஒட்டு தரையிலிருந்து அரை அடிக்கு மேல் இருக்க வேண்டும், மேல் தண்டும் அடித்தண்டும் ஏறத்தாழ ஒரே பருமனில் மேடு பள்ளமில்லாமல் கூடியிருக்க வேண்டும். ஒட்டைப் பிடித்து இலேசாக வளைத்தால் விரிசல் தெரியக்கூடாது. ஒட்டுக்குக் கீழே துளிர் இருந்தால் அது நாட்டு மா, வீட்டுக்குப் போனதும் கிள்ளிவிடுங்கள். பையின் அடியில் வேர் சுருண்டு தடித்து வெளியே வந்திருந்தால் செடி பையில் அதிக நாள் கிடந்திருக்கிறது. ஒட்டுக்கட்டின பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் நடும்போது வெட்டி எடுங்கள். மறந்தால் தண்டு பருக்கும்போது நாடா இறுக்கி, காற்றில் அங்கேயே ஒடியும்.

மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழியைக் கோடையிலேயே வெட்டி ஆறப்போட்டிருந்தால் நல்லது. மேல்மண்ணோடு பத்து கிலோ மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஒட்டு மண்ணில் புதையாமல் நடுங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம், ஐந்து மீட்டரில் 160, மூன்றுக்கு இரண்டு மீட்டர் அடர்நடவில் 674. அடர்நடவில் ஆண்டுதோறும் கவாத்து தவறினால் ஆறேழு ஆண்டில் கிளைகள் பின்னிக்கொண்டு உள்பக்கம் காய்ப்பு நிற்கும், தத்துப்பூச்சியும் குடியேறும். கவாத்துக்கு ஆள் கிடைக்கும் உறுதி இல்லாதவர்கள் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் நடுவதே நல்லது. நட்டதும் குச்சி ஊன்றிக் கட்டி, முதல் மூன்று ஆண்டு வரும் பூங்கொத்துகளை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், கிள்ளி எறியுங்கள்.